ஒன்பது ஒப்புகைச் சீட்டும் ஒரு வீடியோவும்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: எங்கள் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.
நகல்: தமிழ்நாட்டின் மற்ற 37 மாவட்ட ஆட்சித் தலைவர்களுக்கு.
பொருள்: திங்கள்கிழமை மனுவுக்குக் கிடைக்காத மரியாதை செல்போன் பதிவுக்குக் கிடைப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

நான் உங்கள் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவன். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய புங்க மரத்தடியில் ஒரு ஸ்டூல், ஒரு மடக்கு மேசை, கிளிப் போட்ட ஒரு அட்டை. திங்கள்கிழமை காலையில் உங்கள் கார் உள்ளே திரும்பும்போது வலது பக்கம் பார்த்தால் நான் தெரிவேன். 1998-ல் தமிழ்த் தட்டச்சு ஹையர் முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை என்று இங்கே உட்கார்ந்தவன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்போது ஒரு மனுவுக்கு ஐந்து ரூபாய். இப்போது ஐம்பது. இல்லாதவர்கள் என்றால் கொடுப்பதை வாங்கிக்கொள்வேன். இதுவரை எத்தனை ஆட்சியர்கள் வந்து போனார்கள் என்று எண்ணியதில்லை. மனுவில் பெயர் எழுதுகிற வழக்கம் இல்லாததால் அந்தத் தேவையும் வரவில்லை.

இந்த மடலில் மாவட்டத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எழுதினால் நான் சொல்லப்போகிற பாட்டி யார் என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஏற்கெனவே அவர் முகத்தை ஊரே பார்த்தாயிற்று. மனுக்களின் பதிவு எண்களைத் தனியே ஒரு கவரில் போட்டு உங்கள் அலுவலகத் தபாலில் சேர்த்திருக்கிறேன்.

பாட்டிக்கு எழுபதைத் தாண்டிய வயது. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. 2024 ஜூன் மாதப் பணம் வந்தது, ஜூலை வரவில்லை. பணம் கொண்டுவந்து கைரேகை வாங்கும் பேங்க்காரப் பெண்ணிடம் கேட்டால் லிஸ்டில் பெயர் இல்லை என்றார். கிராம நிர்வாக அலுவலரிடம் போனார், தாலுகா ஆபீஸ் போங்க என்றார்கள். தாலுகா ஆபீஸில் தனி தாசில்தார் கேம்ப் போயிருந்தார். அடுத்த திங்கள்கிழமை பஸ் ஏறி என்னிடம் வந்தார்.

முதல் மனுவை நான்தான் எழுதினேன். அதன்பின் எட்டு மனுக்களும் நான்தான். சில மாதங்களில் வருவார், சில மாதங்களில் முழங்கால் வலி என்று வரமாட்டார். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் கவுண்டரில் பதிந்து ஒப்புகைச் சீட்டு கொடுப்பார்கள். அதை நாலாக மடித்து, கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சள் பையில் வைத்துக்கொள்வார். குறுஞ்செய்தி பக்கத்து வீட்டுப் பையனின் எண்ணுக்குப் போகும், அவன் பார்க்காமலே அழித்துவிடுவான். ஒருநாள் என் மகளை விட்டு எல்லாப் பதிவு எண்களையும் இணையத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்று மனுக்கள் 'ஏற்கப்பட்டது'. நான்கு 'நிராகரிக்கப்பட்டது'. இரண்டு 'நடவடிக்கையில் உள்ளது'. ஒரே ஆள், ஒரே கோரிக்கை, மூன்று விதமான விடை. நிராகரித்ததற்குக் காரணம், கள ஆய்வின்போது மனுதாரர் வீட்டில் இல்லை என்பது. வீட்டில் இருந்திருக்க முடியாதுதான். எந்த நாளில் வந்தார்கள் என்று எழுதவில்லை, ஆனால் மாதத்தில் ஒன்றிரண்டு நாள் அவர் இங்கே என் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. 2025 ஜூலையில், நகரத்தின் புது லேஅவுட் ஒன்றில் தெருவிளக்கு இரண்டு நாளாக எரியவில்லை. அங்கே வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பையன் இருட்டுத் தெருவைப் படம் எடுத்து, உங்கள் கணக்கையும் நகராட்சிக் கணக்கையும் டேக் செய்து எக்ஸ் தளத்தில் போட்டான். நான்கு மணி நேரத்தில் ஏணி வண்டி வந்துவிட்டது. 'முன்', 'பின்' என்று இரண்டு படம் சேர்த்து நகராட்சி பதில் போட்டது. அந்தப் பையனே என்னிடம் காட்டினான். அவனுக்குச் சந்தோஷம், எனக்கும்தான். விளக்கு எரிந்தது நல்ல விஷயம். ஆனால் அதே வார்டின் பழைய பக்கத்தில் விளக்கில்லாத முடுக்கு ஒன்றுக்காக அந்த வருஷம் நான் மூன்று மனு எழுதியிருந்தேன். அந்த முடுக்கில் இருப்பவர்கள் துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள். விடியற்காலை நாலரைக்குக் கிளம்புகிறவர்கள். உண்மையில் இருட்டு அவர்களுக்குத்தான்.

அப்புறம் ஆகஸ்ட் கடைசி. திருப்புவனத்தில் வைகை ஆற்றுத் தண்ணீரில் மனுக்கள் மிதந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களில் ஜனங்கள் கொடுத்த மனுக்கள். அதற்கு என்னென்னவோ விளக்கங்கள் வந்தன, விசாரணை என்றார்கள். எனக்கு அந்த விளக்கம் எதுவும் மனதில் நிற்கவில்லை. தண்ணீரில் ஊறிய தாளில் 'பெறுநர்', 'அனுப்புநர்' என்று யாரோ ஒருவர் கோடு போட்டு எழுதியிருந்தது மட்டும் நிற்கிறது. அது என் தொழில். அந்த எழுத்து என்னைப்போல ஒரு மரத்தடி ஆளின் எழுத்தாகத்தான் இருக்கும். கூடவே இன்னொன்றும் புரிந்தது. யாரோ ஒருவர் செல்போனில் எடுத்துப் பரப்பியிருக்காவிட்டால் அந்தத் தாள்கள் சத்தமில்லாமல் கரைந்து போயிருக்கும்.

அடுத்த திங்கள்கிழமை, செப்டம்பர் 1. பாட்டி வந்தார். பத்தாவது மனு எழுத என் கை வரவில்லை. ஒன்பது ஒப்புகைச் சீட்டையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்தில் அவரை கை வைத்துக்கொள்ளச் சொல்லி, சீட்டும் கையும் மட்டும் தெரிய ஒரு படம் எடுத்தேன். பதிவு எண்களின் கடைசி இலக்கங்களை மறைத்தேன். முகம் இல்லை, பெயர் இல்லை, ஊர் இல்லை. மகளின் கணக்கிலிருந்து போட்டோம். 280 எழுத்துக்குள் அடக்க வேண்டும் என்றாள். தமிழில் புள்ளி, கொம்பு, காலெல்லாம் தனித்தனியாக எண்ணிக்கையில் சேருமாம். 'ஐயா வணக்கம்' எழுதவே இடமில்லை. இருபத்தேழு வருஷத்தில் வணக்கம் போடாமல் நான் எழுதிய முதல் மனு அதுதான்.

பதினோரு மணிக்குப் போட்டது. நான்கு மணிக்கு, 'சம்பந்தப்பட்ட அலுவலருக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது, விவரங்களைத் தனிச்செய்தியில் அனுப்பவும்' என்று பதில். அனுப்பினோம். மறுநாள் காலை பத்து மணிக்குப் பாட்டி வீட்டு முன்னால் ஜீப். வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர், கூட இரண்டு பேர். திண்ணையிலேயே வைத்து விசாரித்து எழுதினார்கள். சாயங்காலத்துக்குள் ஆணை அவர் கையில்.

ஐயா, என் மனக்குறை இங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த வேலை ஒரு நாள் வேலை. பதினான்கு மாதமாக இது ஒரு நாள் வேலையாகவே இருந்திருக்கிறது. ஆள் பற்றாக்குறை, சர்வர் பிரச்சினை, நிதி ஒதுக்கீடு என்று கவுண்டரில் எங்களுக்குச் சொன்ன எதுவும் செப்டம்பர் 2-ஆம் தேதி குறுக்கே வரவில்லை. அன்றைக்கு இருந்து முந்தைய பதினான்கு மாதங்களில் இல்லாதது ஒன்றே ஒன்று. நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சம்.

அந்தக் கூச்சத்துக்கு ஈடாக உங்கள் அலுவலகம் எடுத்துக்கொண்டதைச் சொல்கிறேன்.

ஆணையைக் கொடுக்கும்போது வீடியோ எடுத்தார்கள். 'நன்றி ஐயான்னு சொல்லுங்க பாட்டி' என்று ஓரத்திலிருந்து ஒரு குரல் கேட்கிறது. முதல் தடவை பாட்டிக்குக் காதில் விழவில்லை. இரண்டாவது தடவை கும்பிடுகிறார். ஓட்டு வீடு, மூங்கில் தட்டி, மூலையில் கவிழ்த்த அலுமினியச் சட்டி எல்லாம் தெரிகிறது. பின்னால் உருக்கமான இசை. 'ஆதரவற்ற மூதாட்டியின் கண்ணீர் துடைத்த மாவட்ட நிர்வாகம்' என்று தலைப்பு. அவர் அழவில்லை. அவர் கண்ணில் புரை.

நான் மறைத்த முகத்தை உங்கள் கணக்கு காட்டியது. ஊர்ப் பெயரையும் போட்டது.

ஆதரவற்ற என்ற சொல் அரசுப் படிவத்தில் ஒரு தகுதி. ஊரில் அது ஒரு வசவு. அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வாங்குகிற கூலியில் வாடகை போக மாதம் ஐந்நூறோ ஆயிரமோ அனுப்புவான். வீடியோ வாட்ஸப்பில் சுற்றி அவன் வேலை செய்யும் செக்ஷனுக்கே போய்விட்டது. 'பெத்தவளுக்குச் சோறு போடாதவன்' என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்களாம். வந்து தாயிடம் கத்திவிட்டுப் போனான். தீபாவளிக்கு வரவில்லை. பாட்டியும் என்னிடம் வருவதை நிறுத்திவிட்டார். மார்கழியில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நிலுவை வந்ததா என்று கேட்டேன். பதினான்கு மாதத்துக்கு 16,800 ரூபாய். வரவில்லை. மனு எழுதட்டுமா என்றேன். 'வேணாம் தம்பி, மறுபடி போட்டோ எடுப்பாங்க' என்றார்.

பதிவு போட்ட மூன்றாம் நாள் என் மகளுக்கு ஒரு போன். மரியாதையாகத்தான் பேசினார்கள். 'வேலை முடிஞ்சிடுச்சேம்மா, அந்தப் பதிவை எடுத்துடலாமே, மேலே கேக்குறாங்க.' அவள் எடுக்கவில்லை. உங்கள் வீடியோ இருக்கலாம், எங்கள் ஒன்பது சீட்டு இருக்கக்கூடாதா என்று என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

சமூக ஊடகத்துக்கு நான் விரோதி என்று நினைத்துவிட வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எந்த மாடியில் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், எங்கே படகு இருக்கிறது என்று முகம் தெரியாத பிள்ளைகள் ட்விட்டரிலும் வாட்ஸப்பிலும் பட்டியல் போட்டுச் சேர்த்ததை நான் மறக்கவில்லை. மின்சாரம் போனால் மின்னகத்துக்குப் போன், சென்னை என்றால் மாநகராட்சியின் 1913, முதல்வர் உதவி மையத்துக்கு 1100 என்று வீட்டிலிருந்தே சொல்ல முடிவது பெரிய விஷயம். பஸ் காசு மிச்சம், ஒரு நாள் கூலி மிச்சம். மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளத்தில் போட்டால் 21 நாளில் முடிக்க வேண்டும் என்று 2024-ல் விதி கொண்டுவந்திருக்கிறார்கள். அதையும் நான் போட்டுத் தருகிறேன், அதற்கும் அதே ஐம்பது ரூபாய்தான். தொழில் போய்விடுமே என்று பயந்து எழுதுகிற மடலும் இல்லை இது. உண்மையைச் சொன்னால் இப்போது எனக்கு வேலை கூடியிருக்கிறது. 'அண்ணே, மனு வேணாம், ட்விட்டர்ல போட்டுத் தருவீங்களா' என்றுதான் கேட்டு வருகிறார்கள். வாயில் காவலரே ஒருவரை என்னிடம் அப்படி அனுப்பிவைத்தார். உங்கள் வாசலில் நிற்பவருக்கே உள்ளே போவதைவிட வெளியே நின்று போனில் கத்துவது பலன் தரும் என்று தெரிந்திருக்கிறது.

இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2023 டிசம்பர் ஒரு பாடம். மாத ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல், சென்னை தண்ணீரில். எக்ஸ் முழுக்கப் படம், முகவரி, அதிகாரிகளுக்கு டேக். இரண்டு வாரம் கழித்து, 17, 18 தேதிகளில் தெற்கே. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் சுமார் 800 பயணிகளோடு நின்றது. தாமிரபரணிக் கரையில் பல ஊர்களில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. அங்கிருந்து பதிவு வரவில்லை. பதிவு வராத ஊரில்தான் கஷ்டம் அதிகம் என்று அன்றைக்குப் புரிந்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வேறு சங்கடம் இருக்கிறது. 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். குறை சொல்லும் வாசல் செல்போன்தான் என்று ஆகிவிட்டால், அதைச் சாத்தும் சாவியும் அரசாங்கத்திடமே இருக்கிறது. என் மேசையில் இருக்கிற வெள்ளைத்தாளுக்கு அப்படி ஒரு சாவி கிடையாது.

திருநெல்வேலியைச் சொன்னதும் 2017 அக்டோபர் 23 ஞாபகம் வருகிறது. அன்றும் திங்கள்கிழமை. கந்துவட்டிக் கொடுமைக்குப் பலமுறை மனு கொடுத்து ஓய்ந்த ஒரு குடும்பம், இரண்டு பச்சைக் குழந்தைகளோடு, ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீயில் கருகியது. அந்தப் படம் நாட்டின் எல்லாச் செல்போனுக்கும் போனது. அதைப் பற்றி ஃபேஸ்புக்கில் கேலிச்சித்திரம் போட்டவரை நவம்பரில் கைது செய்தார்கள். அன்றிலிருந்து எல்லா ஆட்சியர் அலுவலக வாசலிலும் தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான், உயிர் முக்கியம். ஆனால் பாட்டிலைச் சோதிப்பதில் காட்டுகிற கவனத்தில் பாதியை, இது எத்தனையாவது மனு என்று பார்ப்பதில் காட்டியிருந்தால் என்று எனக்குத் தோன்றாத திங்கள்கிழமை இல்லை.

இன்னும் சில சங்கதிகள். எங்கள் தெரு டியூஷன் டீச்சர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் ஒரே பள்ளத்தைப் பதினோரு தடவை படம் எடுத்துப் போட்டார். பன்னிரண்டாவது தடவை ஒரு அரசுக் கணக்கு அவரை பிளாக் செய்துவிட்டது. மனு கொடுக்க வருகிறவரை வாயிலில் நிறுத்தி, நீ உள்ளே வரவே கூடாது என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை. போனில் மட்டும் எப்படி வந்தது? கேட்டால் கணக்கைப் பார்த்துக்கொள்பவர் ஒப்பந்த ஊழியர், அவருக்குத் தெரியாது என்கிறார்கள். முத்திரை உங்களுடையது, கை யாருடையதோ.

தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதினால் கீழே வந்து, நீ எந்தக் கட்சி என்று கேட்கிறார்கள். குறை சொன்னால் ஒரு கட்சிக்காரர் 'சங்கி' என்பார், நன்றி சொல்லிப் போட்டால் இன்னொரு கட்சிக்காரர் 'இருநூறு ரூபாய்' வாங்கிக்கொண்டு எழுதுகிறாய் என்பார். ஐடி விங் வேலை செய்கிறவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். இதை உங்களால் தடுக்க முடியாது, தெரியும். ஆனால் மனு கொடுக்க வந்தவரை நடுச்சந்தியில் நிற்கவைத்துவிட்டு, குறையைச் சத்தமாகச் சொல் என்று சொன்னால் இதுதான் நடக்கும். பெண்கள் கதை இன்னும் மோசம். விவரம் கேட்டால் பொதுவிலேயே போன் நம்பரைப் போட்டுவிடுகிறார்கள். ரேஷன் கார்டை, ஆதாரைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அதற்காகவே காத்திருக்கிற மோசடிக்காரர்கள் 'நாங்கள் உதவி மையம்' என்று கூப்பிடுகிறார்கள். என்னிடம் மனு எழுத வந்த ஒரு பெண்ணுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்த அழைப்புகளைப் பற்றி இங்கே எழுத எனக்குக் கூசுகிறது.

திருவாரூரில் மணி கட்டிய சோழன் கதையை மனுநீதி நாளன்று மேடையில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். அதில் எனக்குப் பிடித்தது தேர்க்காலும் இளவரசனும் இல்லை. மணிக்கயிறு பசுவுக்கு எட்டுகிற உயரத்தில் கட்டியிருந்தது என்பதுதான்.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். மனு என்றால் கடைசியில் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்க வேண்டும். 'ஆவன செய்யுமாறு' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஆவன எதுவும் ஆகாது என்பது என் அனுபவம்.

மனு வாங்கிய மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் பதில் என்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 2015 செப்டம்பர் 21-ல் அரசாணை 99 போட்டிருக்கிறது. புதிதாக எதுவும் கேட்கவில்லை, அதைச் செய்யுங்கள். செய்கிறீர்களா என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு திங்கள்கிழமை மாலையும் உங்கள் கணக்கில், மனு வாங்கும் படத்துக்குப் பதிலாக, இந்த வாரம் எத்தனை மனு வந்தது, ஒரு மாதம் தாண்டியும் எந்தத் துறையில் எத்தனை நிற்கிறது, எத்தனையை என்ன காரணத்துக்காகத் தள்ளினீர்கள் என்று போடுங்கள். அதையே ஒரு தாளில் எழுதி வாயிலில் ஒட்டுங்கள். மத்தியப் பிரதேசம் 2010-லேயே, இத்தனை நாளில் இந்தச் சேவை, இல்லாவிட்டால் அதிகாரிக்கு அபராதம் என்று சட்டம் போட்டுவிட்டது. பிகாரும் கேரளமும் அடுத்த இரண்டு வருஷத்துக்குள் செய்தன. சட்டம் போடுவது உங்கள் கையில் இல்லை. ஒரு தாள் ஒட்டுவது இருக்கிறது.

ஒரே ஆள் ஒரே குறைக்கு மூன்றாவது தடவை மனு கொடுத்தால், அந்தக் கோப்பு கீழே போகாமல் உங்கள் மேசைக்கு வர வேண்டும். கம்ப்யூட்டரில் பதிகிறீர்கள், இது முடியாத காரியம் இல்லை.

இணையத்தில் வருகிற குறைக்கும் அதே பதிவேட்டில் எண் கொடுங்கள். ஒரு பதிவைப் பார்த்து ஜீப் ஒரு ஊருக்குப் போனால், அதே ஊரில் அதே குறைக்கு முன்னாலேயே மனு கொடுத்தவர்கள் பட்டியலும் ஜீப்பில் போகட்டும். லேஅவுட்டுக்குப் போன ஏணி வண்டி முடுக்கிலும் நிற்கட்டும். பதிவு போட்டவர் கேட்ட வேலையை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை.

உதவி வாங்குகிறவர் முகத்தைப் படமோ வீடியோவோ எடுக்க வேண்டாம். நன்றி சொல்லச் சொல்ல வேண்டாம். சம்மதம் வாங்கினோம் என்று சொல்லவும் வேண்டாம். ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு, படம் எடுக்கலாமா பாட்டி என்று கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? காட்ட வேண்டும் என்றால் ஆணையைக் காட்டுங்கள், பெயரை மறைத்துவிட்டு.

பதிவை நீக்கச் சொல்லி யாருக்கும் போன் போகக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். அரசுக் கணக்கு யாரையெல்லாம் பிளாக் செய்திருக்கிறது என்று பார்த்து, ஆபாசமும் மிரட்டலும் எழுதியவர்களைத் தவிர மற்றவர்களைத் திறந்துவிடுங்கள். டியூஷன் டீச்சரிலிருந்து ஆரம்பிக்கலாம், பள்ளமும் அங்கேயேதான் இருக்கிறது. ஆதாரும் போன் நம்பரும் பொதுவில் போடாதீர்கள் என்று ஒவ்வொரு பதிலிலும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், எக்ஸில் மட்டும் அறிவிப்பதை விடுங்கள். 2023 நடுவிலிருந்து அந்தத் தளத்தில் கணக்கு இல்லாதவர்கள் உங்கள் பதிவுகளை வரிசையாகப் பார்க்கவே முடிவதில்லை. அரசாங்கத்தின் அறிவிப்பைப் படிக்க ஒரு தனியார் கம்பெனியில் பெயர் கொடுக்க வேண்டியிருக்கிறது. 2022-ல் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உங்கள் எல்லோருக்கும் எழுதினார். ஒருவரைப் பறையோடு தெருத்தெருவாக அனுப்பும் இழிவு போக வேண்டும், அது சரியான உத்தரவு. ஒலிபெருக்கி கட்டிய வண்டியை அனுப்பச் சொல்லியும் அதில் இருந்தது. தண்டோரா நின்றது தெரியும், வண்டியை எங்கள் பக்கத்தில் நான் அதிகம் பார்க்கவில்லை. முகாம் தேதி, கணக்கெடுப்பு தேதி, கள ஆய்வுக்கு வரும் தேதி எல்லாம் ரேஷன் கடையிலும் விஏஓ அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும், வண்டியில் சொல்லப்பட வேண்டும். கள ஆய்வுக்கு வருகிறவர் முதல் நாளே சொல்லிவிட்டு வரட்டும். பாட்டி அன்றைக்கு வீட்டில் இருப்பார். வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. அந்த ஊரிலிருந்து வந்த மனுக்களின் கதி என்ன என்று அங்கே வாசிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, கவரில் பதிவு எண் வைத்திருக்கிற அந்த மனுதாரருக்கு, 2024 ஜூலை முதல் 2025 ஆகஸ்ட் வரை பதினான்கு மாத நிலுவை 16,800 ரூபாயை அவர் கணக்கில் சேர்க்க வேண்டும். கேமரா இல்லாமல். அவருடைய வீடியோவை உங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு அவர் மகனுக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள், இது தாயைக் கைவிட்டவர்களுக்குக் கொடுக்கும் பணம் இல்லை, அவருக்கு உரிமையுள்ள பணம், இடையில் நின்றது எங்கள் அலுவலகத் தவறு என்று. உங்கள் கையெழுத்தோடு. முகவரியும் கவரில் இருக்கிறது.

அதை மட்டும் என்னால் எழுதிக் கொடுக்க முடியாது.

இப்படிக்கு,
புங்க மரத்தடி மனு எழுதுபவன்

இணைப்பு: ஒப்புகைச் சீட்டு நகல்கள் – 9